வாசுதேவநல்லூர் வைக்கோலும் பினாங்குக் கடிதமும்: தெரியுமா?

குற்றாலத்தில் சீசன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலை வாரி இறைக்கிறது. ஐந்தருவியில் குளித்து முடித்து, ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி தென்காசி வந்து, ராஜபாளையம் வழியாக மதுரை போகும் பஸ்ஸில் ஏறுகிறீர்கள். இடது பக்கச் சன்னலோரம் கிடைத்துவிட்டால் யோகம்தான். கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி என்று ஊர்கள் பின்னால் ஓட, மலை மட்டும் கூடவே வரும். அடுத்து வாசுதேவநல்லூர். பெரும்பாலும் அதற்குள் நாம் கண்ணயர்ந்திருப்போம்.

அந்த ஊர் வரும்போது மட்டும் தூங்கிவிடாதீர்கள்! அங்கே இருந்த ஒரு மண்கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிகளைத் திணற அடித்தது தெரியுமா? அதை யார் எழுதி வைத்தார்கள் தெரியுமா? நம் புலவர்கள் பாடியது தனிக் கதை. பீரங்கிக்குப் பின்னால் நின்று நம்மைச் சுட்ட ஆட்களே, புகை அடங்குவதற்குள் கூடாரத்தில் உட்கார்ந்து, இறகுப் பேனாவால் சென்னைக் கவர்னருக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்கள்! அந்தக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படிக்கப் படிக்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. உங்களுக்கும் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1767இல் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்னல் டொனால்டு காம்பெல் பெரும்படையோடு வந்து வாசுதேவநல்லூர்க் கோட்டையை வளைத்துக்கொண்டான். உள்ளே நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் ஆட்கள். வெளியே இரும்புக் குண்டு வீசும் பீரங்கிகள். குண்டு விழுகிறது, சுவரில் ஓட்டை விழுகிறது. அடுத்த குண்டைப் போட்டுத் திணிப்பதற்குள் அந்த ஓட்டை அடைபட்டுவிடுகிறது! எதை வைத்து அடைத்தார்கள் தெரியுமா? வைக்கோலும் ஈரமண்ணும்! நம் வீட்டுத் தொழுவத்துச் சுவரில் விரிசல் விட்டால் பாட்டி எதைக் குழைத்து அப்புவாளோ, அதே வைக்கோல், அதே மண். குண்டு பாய்ந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் வைக்கோல் கட்டோடு ஓட்டைக்குள் பாய்கிறான். அவன் விழுந்தால் அடுத்தவன் வருகிறான். இதைப் பார்த்து மலைத்துப்போய், இப்படிப்பட்ட துணிச்சலைக் கண்டதில்லை என்ற வியப்போடு காம்பெல் மேலிடத்துக்கு எழுதினான். எதிரி கைப்பட எழுதிய கடிதம் அது!

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மண்சுவர் என்றால் ஏளனமாக நினைக்கிறோம். செங்கல் சுவரில் குண்டு பட்டால் அது சிதறும், பிளக்கும், சரியும். நன்றாகக் குழைத்துக் கட்டிய கனத்த மண்சுவரோ குண்டை உள்வாங்கிக்கொள்ளும். ஓட்டை விழுமே தவிர, சுவர் சட்டென்று சரியாது. விழுந்த ஓட்டையை அடைக்கக் கொத்தனும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். செம்மண் பூமியில் காலடியிலேயே சரக்கு கிடக்கிறது. ‘செவல்’ என்றாலே செம்மண் நிலம்தானே! நெற்கட்டும்செவல் என்ற ஊர்ப்பெயரிலேயே கோட்டைக்கான மூலப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரியாக ஒரு நெல்கூடக் கட்டமாட்டேன் என்று பூலித்தேவர் சொன்னதால் அது ‘நெல்கட்டான்செவல்’ ஆயிற்று என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர்கள் நெஞ்சு நிமிர்வதைப் பார்க்க வேண்டும்.

அந்த நெற்கட்டும்செவலுக்கு 1755 மே மாதம் யார் வந்தார்கள் தெரியுமா? கர்னல் அலெக்சாண்டர் ஹெரான், கூடவே ஆற்காட்டு நவாபின் அண்ணன் மகபூஸ்கான். கோட்டை வாசலில் நின்று 20,000 ரூபாய் கப்பம் கேட்டார்கள். ‘ஒரு காசும் கிடையாது’ என்று பதில் வந்தது. கோட்டையை இடிக்கத் தகுந்த பெரிய பீரங்கி கையில் இல்லை, சிப்பாய்களுக்குச் சாப்பாடும் தட்டுப்பாடு. வந்த வழியே திரும்பிப் போனார்கள்! 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு 102 வருடம் முன்னால், நம் சங்கரன்கோவில் பக்கத்தில் நடந்த கதை இது.

ஹெரானுக்கு அதைவிடப் பெரிய அடி திரும்பும் வழியில் காத்திருந்தது. அவனுடைய படை இந்தப் பயணத்தில் கோவில்குடி என்ற ஊரின் கோயிலை உடைத்துச் சாமி விக்கிரகங்களை அள்ளிக்கொண்டிருந்தது. பணம் கொடுத்தால் தருகிறோம் என்று பேரம் பேசியிருக்கிறார்கள். பணம் வரவில்லை, விக்கிரகங்கள் மூட்டையில் போயின. மே 29ஆம் தேதி நத்தம் கணவாயில் படை நீண்ட வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தபோது, இருபுறக் காட்டிலிருந்தும் கள்ளர்கள் நீண்ட ஈட்டிகளோடு பாய்ந்தார்கள். வண்டிகள் கவிழ்ந்தன, மூட்டைகள் பிரிந்தன, உள்ளேயிருந்து அந்த விக்கிரகங்கள்! அப்போது எழுந்த கூச்சலையும் எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘சாமி! சாமி!’ என்று கத்தினார்களாம். ஆங்கிலப் புத்தகத்தின் நடுவே அந்தத் தமிழ்ச்சொல் அப்படியே நிற்கிறது. பிறகு ஹெரான் ராணுவ விசாரணைக்கு ஆளாகி வேலையை இழந்தான்.

இதையெல்லாம் புத்தகமாக்கியவர் ராபர்ட் ஓர்ம். அவர் எங்கே பிறந்தார் தெரியுமா? குற்றால மலைக்கு அந்தப் பக்கம், கேரளக் கடற்கரையில் அஞ்சுதெங்கில், 1728இல்! போர்க்களத்தில் நின்ற ஆள் இல்லை அவர். சென்னை ஆலோசனைச் சபையில் உறுப்பினராக இருந்தவர். ஆனால் அதிகாரிகளின் கடிதம், நாட்குறிப்பு, வரைபடம் என்று எதைக் கண்டாலும் விடமாட்டார். கேட்டு வாங்குவார், நகல் எடுப்பார், கட்டி வைப்பார். அப்படிச் சேர்த்துத்தான் கம்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதினார். முதல் பாகம் 1763இலும் அடுத்தது 1778இலும் வந்தன. அவர் கட்டி வைத்த காகிதக் கட்டுகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதில் நம் ஊர்ப் பெயர்களைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு பொறுமை வேண்டும். வாசுதேவநல்லூர் ‘வாஷிநெல்லூர்’ ஆகியிருக்கும். நெற்கட்டும்செவல் ‘நெல்லித்தங்காவில்’ ஆகியிருக்கும். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள். வாய்விட்டு உரக்கப் படித்தால்தான் ஊர் புலப்படும்!

இன்னொரு கடிதக்காரரைச் சொல்லாவிட்டால் பாவம். கான்சாகிபு! மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப்கான்தான். 1759 கடைசியில் வாசுதேவநல்லூரைத் திருவிதாங்கூர்ப் படையையும் சேர்த்துக்கொண்டு தாக்கினார். சுவரில் பிளவு விழுந்து, ஆட்கள் அதில் ஏறும் சமயம் பார்த்து, பூலித்தேவர் காட்டிலிருந்து பாய்ந்து நேரே அவருடைய பாசறையைத் தாக்கினார். முன்னால் கோட்டை, பின்னால் பூலித்தேவர். கான்சாகிபு திரும்பிப் போக வேண்டியதாயிற்று. பிறகு 1761 மே 16ஆம் தேதி நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் அவர் கைக்கு வந்தன. வெற்றிச் செய்தியைச் சென்னைக்குக் கடிதமாக அனுப்பினார். அந்த விசுவாசக் கடிதங்களை வாங்கிப் படித்த அதே கம்பெனிதான், மூன்றே வருடத்தில், 1764 அக்டோபர் 15ஆம் தேதி மதுரை அருகே நவாப் அவரைத் தூக்கில் தொங்கவிடத் துணை நின்றது. அந்தக் கடிதங்களின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் அவரைத் தூக்குமரத்துக்கு ஒரு நாள் பக்கத்தில் கொண்டுபோவதுபோல் இருக்கிறது. படிக்க முடியவில்லை.

சரி, பஸ் நகரட்டும். அடுத்தது சிவகிரி.

1783இல் சிவகிரிக்கு வந்த கர்னல் வில்லியம் ஃபுல்லர்ட்டன் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1780இல் ஷெல்பர்ன் பிரபுவோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவரைக் காயப்படுத்தியவர். அப்படிக் காயம்பட்ட ஷெல்பர்ன் இரண்டே வருடத்தில் பிரதமர் ஆனார்! சுட்டவர் நம் சிவகிரி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். முதலில் ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சி. அந்தக் கோட்டைக்குள் 40,000 வராகனும், டச்சுக்காரர்களோடு பாளையக்காரர் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலப்பிரதியும் கிடைத்தனவாம். போரில் குண்டுக்கு அடுத்தபடி ஆபத்தானது காகிதம்தான் போலிருக்கிறது!

அங்கிருந்து சிவகிரி. பாளையக்காரரும் ஆட்களும் ஊரை விட்டுவிட்டுக் கோம்பைக்குள் போய்விட்டார்கள். கோம்பை என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். மூன்று பக்கமும் மலை வளைத்து நிற்க, ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்திருக்கும் பள்ளத்தாக்கு. அந்தச் சொல்லையும் ஃபுல்லர்ட்டன் மொழிபெயர்க்கவில்லை, ‘காம்பி’ என்றே எழுதினார். கோம்பையின் வாயை அடைத்து அரண், அதன் முன்னால் முள்ளும் மரமும் பின்னிய காடு. சுமார் மூன்று மைல் தூரம் காட்டை வெட்டி வெட்டிப் பாதை போட்டார்கள் கம்பெனிப் படையாட்கள். நாள் முழுக்க எண்ணாயிரம் பேர் சுட்டுக்கொண்டே இருந்ததாக எழுதுகிறார். சுடுவதோடு விட்டார்களா? ஓடிவந்து, பீரங்கி இழுக்கும் மாடுகளை ஈட்டியால் குத்தினார்களாம்!

இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தளபதிகளைக் குறிவைப்பது எல்லாப் போரிலும் உண்டு. இங்கே குறி மாட்டுக்கு! பீரங்கி எவ்வளவு பெரிதானாலும் காட்டுப் பாதையில் அதை இழுப்பது மாடுதான். மாடு விழுந்தால் பீரங்கி நகராது, பீரங்கி நகராவிட்டால் படை நிற்கும். வண்டியும் மாடும் வைத்துப் பிழைத்த சம்சாரிகளின் மூளையில் உதித்த போர்த்தந்திரம் இது. எந்தக் கல்வெட்டும் இதைச் சொல்லாது. மாடு விழுந்ததால் கஷ்டப்பட்டவன் எழுதியதால்தான் நமக்குக் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் பாதையை வெட்டி முடித்து, யாரும் எதிர்பாராத செங்குத்தான மலைப்பக்கமாக ஏறித்தான் ஃபுல்லர்ட்டன் கோம்பையைப் பிடித்தார். 1787இல் இதையெல்லாம் அவர் புத்தகமாகப் போட்டார். அந்தப் புத்தகத்தின் வடிவமே என்ன தெரியுமா? இரண்டு நீண்ட கடிதங்கள்!

இங்கே ஒரு கேள்வி வரத்தான் செய்யும். எதிரி எழுதியதை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. எண்ணாயிரம் என்றால் எண்ணிப் பார்த்தாரா? காட்டுக்குள் இருக்கும் ஆளை யார் எண்ண முடியும்! எதிரியின் தொகை கூடக்கூட வெற்றியின் மதிப்பும் கூடும், தோல்விக்குச் சமாதானமும் கிடைக்கும். அதனால் எண்ணிக்கை வரும் இடத்தில் நான் ஒரு கை உப்பு சேர்த்துத்தான் படிப்பேன். ஆனால் தனக்கு லாபமில்லாத ஒன்றை ஒருவன் எழுதும்போது கவனியுங்கள். ஓட்டையை வைக்கோலால் அடைத்தான் என்று எழுதுவதால் காம்பெலுக்கு என்ன லாபம்? கொள்ளையடித்த சாமியைப் பறிகொடுத்தோம் என்பதில் கம்பெனிக்கு என்ன பெருமை? மாடு செத்ததை யாராவது கற்பனை செய்வார்களா? அப்படிப்பட்ட வரிகளில்தான் களத்தின் மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போரில் நின்றவர்களின் கடிதங்களைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த வேலையை ஒரு மனிதர் விஞ்ஞானம்போலவே செய்தார் தெரியுமா? வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18இல். பல வருடம் கழித்து வில்லியம் சைபோர்ன் என்ற அதிகாரி அந்தப் போர்க்களத்தை அச்சுஅசலாகப் பொம்மை மாதிரியாகச் செய்யக் கிளம்பினார். உயிரோடு இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பினார். சாயங்காலம் சுமார் ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார் நின்றார்கள், வயலில் என்ன பயிர் நின்றது என்று கேள்விமேல் கேள்வி! நூற்றுக்கணக்கில் பதில் கடிதங்கள் குவிந்தன. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தவில்லை, தளபதி வெலிங்டனுக்கே சைபோர்னின் முடிவுகள் பிடிக்கவில்லை. அந்தக் கடிதங்களும் அதே பிரிட்டிஷ் நூலகத்தில்தான். வாட்டர்லூவும் வாசுதேவநல்லூரும் ஒரே கூரையின்கீழ் தூங்குகின்றன!

எதிரி மட்டுமல்ல, தணிக்கைக்காரரும் நமக்காகக் கடிதங்களைக் காத்து வைத்ததுண்டு. முதல் உலகப்போரில் பிரான்சில் நின்ற நம் நாட்டுச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அதனால் சிப்பாய்கள் பரிபாஷையில் எழுதினார்கள். ‘கறுப்பு மிளகு தீர்ந்துபோயிற்று, சிவப்பு மிளகு கொஞ்சம்தான் செலவாகிறது’ என்கிற பாணியில்! கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கைக்காரர்கள் மொழிபெயர்த்துக் கோப்பில் வைத்த பகுதிகள்தான் மிஞ்சின. உளவு பார்க்க எடுத்த நகல் வரலாறாகிவிட்டது!

நம் கதைக்கு வருவோம். 1799 அக்டோபர் 16, கயத்தாறு. வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் மறுநாளே மேலிடத்துக்கு எழுதினான். என்ன எழுதினான் தெரியுமா? விசாரணை நேரம் முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதாக. தன்னைப் பிடிக்க உதவிய எட்டயபுரம் பாளையக்காரரையும் சிவகிரி பாளையக்காரரையும் அடிக்கடி இகழ்ச்சியாகப் பார்த்ததாக. தூக்கிலிடும் இடத்துக்கு உறுதியான நடையில் போனதாக. ஆமாம், அதே சிவகிரி! பதினாறு வருடம் முன்னால் கோம்பைக்குள் நின்று கம்பெனியோடு மோதிய அதே பாளையம், இப்போது மறுபக்கம் நிற்கிறது. இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கடிதம் அதையும் மறைக்கவில்லை.

அந்தக் கடிதத்தில் இன்னொரு நுணுக்கம். போகும் வழியில் கட்டபொம்மன் தன் ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார், தூக்கு மரத்தடியில் கோட்டையிலேயே போரிட்டுச் செத்திருக்கலாமே என்று வருந்தினார் என்று எழுதும்போது, அது தனக்குச் ‘சொல்லப்பட்டது’ என்று பானர்மேன் பிரித்துக் காட்டுகிறான். கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு என்று கோடு கிழிக்கிறான். வாட்சப்பில் வந்ததை எல்லாம் கண்ணால் கண்டதுபோல் அனுப்பும் நாம் அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

அந்த ஊமைத் தம்பிதான் ஊமைத்துரை! அவரைக் கண்ணால் கண்டு எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ். 1801இல் இருபத்தைந்து வயதையொட்டிய இளம் அதிகாரி. நாற்பது வருட நாட்குறிப்பிலிருந்து எடுத்து 1830இல் இரண்டு பாகமாக வெளியிட்ட அவருடைய நினைவுக்குறிப்பைக் கீழே வைக்கவே மனம் வராது. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் வெள்ளைக்காரர்கள் இருபது பேர் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் சிறை. கைதிகளுக்கு அம்மை போட்டிருந்ததால் கனத்த விலங்குகளைக் கழற்றியிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ஊமைத்துரையும் கூட்டமும் காவலை உடைத்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் பறந்துவிட்டார்கள்! அங்கே போய்ப் பார்த்த கம்பெனிப் படை அதிர்ந்துபோனது. 1799இல் தரைமட்டமாக்கிய கோட்டை சில நாட்களில் மறுபடி எழும்பி நிற்கிறது! மண்ணும் வைக்கோலும் திரும்பவும்! மார்ச் 31ஆம் தேதி நடந்த தாக்குதலில் கம்பெனிப் படை உள்ளே நுழையவே முடியாமல் திரும்பியது. மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது.

ஊமைத்துரை எப்படிக் கட்டளை போடுவார் தெரியுமா? உயரமான, ஒல்லியான, நோஞ்சான் உடம்பு. பேச்சு கிடையாது. இடது உள்ளங்கையில் நாலைந்து வைக்கோல் துரும்பை அடுக்குவார். இதுதான் வெள்ளைக்காரன் படை. சைகையிலேயே எப்போது, எங்கே என்று காட்டுவார். பிறகு வலது கையை அதன்மேல் ஓட்டி, வாயால் ‘விஸ்’ என்று ஒரு சத்தத்தோடு துரும்பைத் துடைத்து எறிவார். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு! எதிரிப்படையில் இருந்த ஒருவன் இவ்வளவு நெருக்கத்தில் இதை எழுதியிருக்கிறான். அந்த உள்ளங்கையை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன்.

கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை காயத்தோடு பிணங்களுக்கு நடுவே கிடந்தார். மகனைத் தேடி வந்த ஒரு தாய் அங்கே வந்தாள். குற்றுயிராகக் கிடந்த மகன், என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்று ஊமைத்துரையைக் காட்டினானாம். பெண்கள் அவரைத் தூக்கிப்போய் ஒரு வீட்டில் கிடத்தினார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, வெள்ளைத் துணியால் மூடி ஒப்பாரி வைத்தார்கள். அம்மையில் செத்துப்போனான் என்றார்கள். வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். கவனித்தீர்களா? சிறையில் விலங்கைக் கழற்றியதும் அம்மை, பிணத்துணிக்கடியில் உயிரைக் காத்ததும் அம்மை! அம்மன் இரண்டு தரம் வந்து காப்பாற்றினாள் என்றுதான் நம் பெண்கள் சொல்லியிருப்பார்கள். கடைசியில் நவம்பர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆனால் பாருங்கள், அந்தத் தாய்க்கு வெல்ஷின் புத்தகத்தில் பெயர் இல்லை. வாசுதேவநல்லூரில் வைக்கோலோடு பாய்ந்தவனுக்குக் காம்பெலின் கடிதத்தில் பெயர் இல்லை. எல்லாரும் ‘கள்ளரி’, எல்லாரும் ‘பாலிகர்’. பெயர் எங்கே கிடைக்கும் தெரியுமா? பாட்டில்! ஊர் வாயில்! ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி என்று நெற்கட்டும்செவல் மறக்காமல் வைத்திருக்கிறது. வயிறு கிழிந்து குடல் சரிந்தபோது தலைப்பாகைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போரிட்டார் வெண்ணிக்காலாடி என்று இன்றும் சொல்கிறார்கள். ஒண்டிவீரனுக்கு 2022இல் தபால்தலை வந்தது. கடிதங்களில் இடம் கிடைக்காதவர் கடிதத்தின் மேலே ஒட்டும் தலையில் வந்துவிட்டார்! கதைப்பாடலில் தேதி குழம்பும், ஆண்டு குழம்பும், ஆனால் ஆளின் பெயர் தப்பாது. ‘கான்சாகிபு சண்டை’யையும் கட்டபொம்மு கதைப்பாடலையும் நா. வானமாமலை பதிப்பித்துக் கொடுத்திருக்கிறார். அவற்றை ஒரு கையிலும், பாளையக்காரர் போர்க் கடிதங்களைத் தொகுத்து 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தை மறு கையிலும் வைத்துப் படித்தால், தேதியும் ஆளும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்வதைக் காணலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறதா? தென்காசி மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போன ஆள் இல்லாத ஊர் குறைவு. ‘56 ஏ.பி.ஓ.’ என்று முகவரி போட்ட நீல நிற இன்லண்ட் லெட்டர் ஒன்று அதில் கிடக்கலாம். எல்லைக் குளிரைப் பற்றி, மெஸ் சாப்பாட்டைப் பற்றி, தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்பதைப் பற்றித் தாத்தாவோ மாமாவோ எழுதியிருப்பார்கள். போகிக்கு அதை எரித்துவிடாதீர்கள். கரையான் அரிக்குமுன் வெயில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். தேதியையும் எழுதியவர் பெயரையும் தனித்தாளில் குறித்துக் கூடவே வையுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெல்ஷிடம் திரும்பிப் போகிறேன், ஏனென்றால் கடைசியாகச் சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது. 1795இல் மதுரையில் இருந்தபோது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? சின்ன மருது! அந்த வளரியைத்தான் வெல்ஷ் ‘கள்ளரித் தடி’ என்று எழுதுகிறார். பெரிய மருதுவோ ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைக்கக்கூடிய பலசாலி என்று வியக்கிறார். ஆறே வருடத்தில், ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த அந்த மருதுவையே வேட்டையாடும் படையில் வெல்ஷ் இருந்தார். 1801 அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். ஆசானைக் காட்டுவிலங்கைப்போலத் துரத்தியதை எழுதும்போது அவர் எழுத்து தளர்ந்துபோகிறது.

சின்ன மருதுவின் பிள்ளைகளில் மிஞ்சியவன் துரைசாமி. பதினைந்து வயதுப் பையன். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 72 பேரோடு கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடுகடத்தினார்கள். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, கூனிக் குறுகிய ஒரு கிழவர் அவரைப் பார்க்க வந்து நின்றார். யார் என்று தெரியவில்லை. பெயரைக் கேட்டார். ‘துரைசாமி’ என்று பதில் வந்தது. நெஞ்சில் கத்தி பாய்ந்தாற்போல் இருந்தது என்று எழுதுகிறார் வெல்ஷ். அப்போது துரைசாமிக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும்.

ஊரில் மிஞ்சியிருக்கும் உறவுக்காரர்களுக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பியிருக்கலாம், வெல்ஷும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அதற்குக்கூட வெல்ஷுக்கு அனுமதி கிடையாது. காம்பெலின் கடிதம் இருக்கிறது. பானர்மேனின் கடிதம் இருக்கிறது. ஃபுல்லர்ட்டனின் இரண்டு கடிதங்களும் அச்சில் இருக்கின்றன. துரைசாமியின் கடிதம் பினாங்கிலேயே நின்றுவிட்டது.